பாதி மசாலா

வஞ்சியூர், திருவனந்தபுரம்
12.6.2001

அன்புள்ள அக்காவுக்கு,

இனி எனக்கு எழுதாதே என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போகும். காகிதமாவது நான் முடிக்கிறவரை குறுக்கே பேசாது.

ஆலயத்து அசன விருந்தன்று நடந்ததை நீ ஒரு விதமாகவும் உன் மாமி வேறு விதமாகவும் சொல்கிறீர்கள். நான் அங்கேதான் நின்றேன். ஆலயத்துப் பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து வந்த மாமி அபிஷாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இலையில் சோறும் ஆட்டுக்கறியும். நாலு வயதுப் பிள்ளை இலையைத் தள்ளிவிட்டு, "எனக்கு நூடுல்ஸ் வேணும்" என்று அழுதது.

"வீட்டுல தெனமும் என்ன மக்கா திங்க?" என்று மாமி கேட்டார்கள்.

"நூடுல்ஸ்."

நீ அப்போது குழம்பு வாளியோடு எதிர் வரிசையில் நின்றாய். மாமி பந்தி முழுவதும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்கள். "எம்மா சிஜி, நீ சாப்பாட்டப் பத்திப் படிச்சவல்லா? ஒரு வார்த்த சொல்லு. இந்தச் சாதனத்தப் பிள்ளையளுக்கு தெனமும் கொடுக்கலாமா?"

"தெனமும் கொடுக்கக் கூடாது மாமி. ஆனா..." என்றேன்.

அதற்கு மேல் என் குரல் யாருக்கும் எட்டவில்லை. "கேட்டியளா! கூடப்பிறந்தவளே சொல்லுதா!" என்று மாமி எழுந்துவிட்டார்கள். உன் பிள்ளையைத் தன்னோடு கொண்டுபோய் ஒழுங்காகத் தின்ன வைப்பதாகச் சொன்னார்கள். நீயும் ரோஷத்தில், "கொண்டு போங்க, பாப்போம்" என்றாய். சாயங்கால பஸ்ஸில் அபிஷா மார்த்தாண்டம் போய்விட்டாள். நான் இன்னும் அந்த 'ஆனா'விலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பின்னால் நான் வைத்திருந்தது இவ்வளவுதான். நூடுல்ஸ் விஷமில்லை. மைதாவைப் பிழிந்து, வேகவைத்து, எண்ணெயில் பொரித்தது. பரோட்டாவுக்கு நெருங்கிய சொந்தம். பசியை அடக்கும். ஆனால் பிள்ளை வளர்வதற்கான சத்தும் ரத்தம் ஊறுவதற்கான சத்தும் அதில் குறைவு. கூட வருகிற மசாலாப் பொட்டலத்தில் உப்பு மிக அதிகம். சின்னப் பிள்ளைக்குப் பாதிப் பொட்டலமே போதும். வாரத்தில் ஒரு நாள், முட்டை உடைத்து ஊற்றி, ஒரு கை முருங்கைக்கீரையோ காரட்டோ போட்டுக் கொடுத்தால் அதுவும் மற்றச் சாப்பாட்டைப் போல ஒரு சாப்பாடு. தினமும் காலையில் அது மட்டும் என்றால், வயிறு நிறைந்துவிட்டதே என்று நாம் ஏமாந்து போவோம். உடம்பு ஏமாறாது.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை அங்கே யாரும் எனக்குத் தரவில்லை, நீயும் தரவில்லை. நான் பொய் சொல்லவில்லை அக்கா. அதனால்தான் எப்படிச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.

சிஜி

*

மேல் டிவிஷன் லயம்
வித்துரா வழி
20.6.2001

சிஜிக்கு,

கடிதம் வந்தது. மதியம், பறித்த தேயிலையை நிறுக்க வரிசையில் நின்றபோது படித்தேன். பக்கத்து லயத்து விஜயம், "தங்கச்சி லெட்டரா? என்ன விசேஷம்?" என்றாள். "முட்டை ஒடச்சி ஊத்தணுமாம்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரத்தில் ஒரு நாள் என்று எழுதியிருக்கிறாய். மற்ற ஆறு நாளும் காலையில் யார் சமைப்பது? இந்த மழையில் விறகு பற்றாது. ஊதி ஊதிக் கண் போகும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஒரு பாத்திரம்தான் வைக்கலாம். கஞ்சி வேகிறதற்குள் மஸ்டர் மணி அடித்துவிடும். பிந்திப் போனால் கங்காணி பேர் எழுத மாட்டான், வீட்டுக்குப் போ என்பான். அடித்துப் பிடித்துக் கஞ்சி வைத்தாலும் அவள் ஒரு வாய் வாங்கித் துப்புவாள். நூடுல்ஸ் என்றால் பாத்திரத்தை இறக்கும் முன்னே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். ஒரு பிள்ளை தானாகத் தட்டோடு வந்து உட்காருவது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உன் புத்தகத்தில் போட்டிருக்காது. நீ பெற்றிருந்தால் தெரியும்.

நீ சொன்னது பாதியோ முழுசோ, எனக்குப் பிள்ளை போயிற்று. ரெண்டு நாளில் கொண்டு விடுவார்கள் என்று நினைத்தேன். மாமி மார்த்தாண்டத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம், தங்கச்சிக்காரி ஆஸ்பத்திரியில் இருக்கா, அவளே சொன்னா, தாய்க்காரி கண்டதைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தா என்று சொல்லுகிறார்களாம். மஸ்கட்டுக்கும் போன் போயிருக்கிறது. உன் அத்தான் எஸ்டேட் ஆபீஸ் போனில் கூப்பிட்டு, "கொஞ்ச நாளு அம்மைக்ககிட்ட நிக்கட்டும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டேன். லைன் போய்விட்டது.

உன் படிப்பால்தான் பிள்ளை போனது. அந்தப் படிப்பாலேயே திரும்பி வரட்டும். மார்த்தாண்டம் போ. அந்த 'ஆனா'வை அங்கே போய்ச் சொல்லு.

ஜெயபாய்

*

வஞ்சியூர்
3.7.2001

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். பாறசாலை தாண்டும்போது எல்லாம் சரியாக வந்தது.

மாமி முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். "வா, வா, டாக்டரே" என்றார்கள்.

"நான் டாக்டர் இல்ல மாமி."

"வெள்ளக் கோட்டு போடுவல்லா? பின்ன என்ன? பிள்ளையத் தூக்கிப் பாரு. வந்தப்ப கோழிக்குஞ்சு மாதிரில்லா இருந்துது."

தூக்கினேன். கனமாக இருந்தாள். உதட்டு ஓரத்தில் ஆறாமல் இருந்த புண் ஆறியிருக்கிறது. மதியம் சம்பா அரிசிச் சோறும் சாளைக் குழம்பும் தேங்காய் போட்ட பயறுத் துவரனும் வைத்தார்கள். கேட்டு வாங்கித் தின்றாள். இதையெல்லாம் மறைத்து எழுத என்னால் முடியவில்லை. கோபப்படாதே.

சாப்பிட்டதும் ஆரம்பித்தேன். அடுத்த வீட்டு முத்தாரம்மாளும் வெற்றிலைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, அன்னைக்கு நான் முழுசாச் சொல்லல."

"கூடாதுன்னு சொன்ன. அதுல முழுசு என்ன, அரை என்ன?"

"தெனமும் கூடாதுன்னு சொன்னேன்."

"அப்ப கொடுக்கலாமுன்னு சொல்லுதியா?"

"எப்பவாவது. கீர, முட்ட எல்லாம் போட்டு..."

"இந்தா, சுத்தி வளைக்காத. நல்லதா, கெட்டதா? அதச் சொல்லு."

"ரெண்டும் இல்ல மாமி."

முத்தாரம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "ரெண்டும் இல்லாத ஒண்ணப் படிக்கதுக்கா இவ்வளவு வருசம் காலேஜுக்குப் போன?"

மாமி சிரித்தார்கள். அபிஷாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். வெட்கத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு வழக்குப் பேச முடியுமா? பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

செருப்பு மாட்டும்போது அபிஷா என் சுரிதாரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா மஸ்டருக்குப் போயாச்சா?" என்று கேட்டாள். போயாச்சு என்றேன்.

சிஜி

*

மேல் டிவிஷன் லயம்
10.7.2001

சிஜிக்கு,

நீ எடை பார்க்கப் போனாயா, பிள்ளையைக் கூட்டிவரப் போனாயா?

சாளைக் குழம்பை முதலில் எழுதியிருக்கிறாய். அவள் என்னைக் கேட்டதைக் கடைசியில் எழுதியிருக்கிறாய். படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

நானும் போன மாதம் ஒரு ஞாயிறு போனேன். உன்னிடம் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் ஓடி வந்து இடுப்பில் ஏறியவள் இறங்கவே இல்லை. திரும்பும்போது பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாமி, "நீ வந்துட்டுப் போனா பிள்ள ஏங்கிப் போவும், கொஞ்ச நாளைக்கு வராத" என்றார்கள். நல்ல குரலில்தான் சொன்னார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புண் ஆறியது எனக்கும் சந்தோஷம்தான். நான் தாய், எனக்குச் சந்தோஷம் இருக்காதா? அதற்காக, மீன் குழம்பு வைக்கிறவர்களுக்குப் பிள்ளை, நூடுல்ஸ் வைக்கிறவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஒரு சட்டம் உண்டா? இருந்தால் எழுது.

மிச்சம் இருந்த பாக்கெட்டை விஜயத்தின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் பால் இல்லாத கட்டன் சாயா குடித்துவிட்டுப் போகிறேன். இப்போது சமைக்க நேரம் இருக்கிறது. தின்னத்தான் ஆளில்லை.

ஜெயபாய்

*

வஞ்சியூர்
18.7.2001

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படிச் சட்டம் இல்லை. இருந்தால் அதை முதலில் எதிர்ப்பவள் நானாக இருக்க வேண்டும். ஆனால் எனக்கு எதிர்க்கத் தெரியவில்லை. இந்த வாரம் முழுவதும் அந்த எரிச்சல்தான்.

எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி. சுவரில் ஒட்ட, குழந்தைகளின் காலைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். நான் நூடுல்ஸையும் சேர்த்து எழுதினேன். எப்போதாவது, இப்படி இப்படிச் செய்து, பாதி மசாலாவோடு என்று. பெரிய டயட்டீஷியன் லதிகா மேடம் அந்தப் பத்தியை முழுக்க அடித்துவிட்டார்கள். "சிஜி, ஒந்நுகில் எஸ், அல்லெங்கில் நோ. நடுவில் நிந்நு பறயல்லே" என்றார்கள், ஒன்று ஆம் சொல், இல்லையென்றால் இல்லை சொல், நடுவில் நின்று பேசாதே என்று. நோ என்று போட்டால் ஜனங்கள் கொஞ்சமாகக் கொடுப்பார்களாம். கொஞ்சம் என்று போட்டால் நிறையக் கொடுப்பார்களாம். நான் "சரி மேடம்" என்றேன்.

வெளியே ஒரு அம்மா தன் பையனோடு உட்கார்ந்திருந்தாள். தையல் கடையில் வேலையாம். நோட்டீஸைப் படித்துவிட்டுப் பையைத் திறந்து, உள்ளே இருந்த நூடுல்ஸ் பாக்கெட்டின் மேல் துண்டை எடுத்துப் போட்டு மூடினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். எனக்கு அவளிடம் போய் உட்கார்ந்து, பாதி மசாலா போடு, ஒரு முட்டை போடு, பயப்படாதே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. மேடத்தின் கதவு திறந்திருந்தது. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாஸ்டலில் மெஸ் கிடையாது. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று நினைக்கிறாய்? அதேதான். இங்கே எல்லாப் பெண்களுக்கும் அதேதான். யாரும் எங்களிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

சிஜி

*

மேல் டிவிஷன் லயம்
25.7.2001

சிஜிக்கு,

உன் மேடம் எஸ் சொன்னால் என்ன, நோ சொன்னால் என்ன?

அத்தான் கூப்பிட்டார். பிள்ளையை மாமி அங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டார்களாம். யூனிபார்ம் தைத்தாயிற்றாம். டிசம்பரில் லீவுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்கிறார். இதைப் பெற்றவளிடம் கேட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டுச் சொல்கிறார்கள்.

நீ இனி அங்கே போக வேண்டாம். என் பிள்ளையின் வயிற்றைப் பற்றி எனக்கு எழுதவும் வேண்டாம்.

ஜெயபாய்

*

வஞ்சியூர்
7.8.2001

அன்புள்ள அக்காவுக்கு,

போக வேண்டாம் என்றாய். போனேன். இந்த முறை மனப்பாடம் எதுவும் செய்யவில்லை. தம்பானூரில் பஸ் ஏறும் முன் ஒரு பாக்கெட் நூடுல்ஸும் நாலு முட்டையும் வாங்கிக்கொண்டேன். முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் வரை போனேன்.

பாக்கெட்டைப் பார்த்ததும் மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த வீட்டுக்கே கொண்டு வந்திருக்கியா? ஒனக்கு நாணமில்லையா?"

"எனக்குப் பேசத் தெரியல மாமி. சமைச்சுக் காட்டுதேன்."

"பிள்ளைக்குக் கொடுக்க விட மாட்டேன்."

"நீங்க தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர்கள் முற்றத்து முருங்கையிலேயே கீரை ஒடித்தேன். காரட் துருவினேன். மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டுவிட்டு மீதியை அடுப்பில் எறிந்தேன். மாமி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு கீர கெடந்தா இது நூடுல்ஸாடி? கீரத் துவரனுக்கு நூல் சுத்தின மாதிரில்லா இருக்கு." அபிஷா முதலில் கீரையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். பிறகு பசியில் அதையும் சேர்த்துத் தின்றாள். மாமி பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டுப் பார்த்தார்கள்.

"உப்பு கொறவு."

"அவ்வளவு போதும் மாமி."

"ம்ம். இப்பிடின்னா எப்பவாவது கொடுக்கலாம்."

அவ்வளவுதான் அக்கா. ஆலயத்துப் பந்தலிலும் முற்றத்திலும் சொல்ல முடியாததை அவர்களே சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இதற்குத்தானா இத்தனை நாள்? அதே எரிச்சலில் கேட்டுவிட்டேன்: "அப்ப பிள்ளைய அக்காகிட்ட விடலாம்லா?"

மாமி விறகை வெளியே இழுத்து அடுப்பை அணைக்கத் திரும்பினார்கள். கழுவிய பாத்திரத்தை வைக்க நான் அலமாரியைத் திறந்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் ஏழெட்டு நூடுல்ஸ் பாக்கெட் அடுக்கி இருந்தது. தூசி படிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "அது பிள்ள வருகதுக்கு முன்ன வாங்கினது. ஒத்த வயித்துக்கு யாரு சோறு வடிப்பா? தண்ணி காச்சி ஊத்துனா தீந்துது."

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஹாஸ்டல் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"நீங்க மேல வந்து அக்காகூட இருக்கலாமே மாமி?"

அதற்குத்தான் அவர்கள் வெடித்தார்கள். "கூப்பிட்டாளா? கலியாணம் முடிஞ்சி அஞ்சு வருசம். ஞானஸ்நானத்துக்குச் சபைக்கு வந்தேன். அசனத்துக்குச் சபை கூப்பிட்டுது, வந்தேன், பந்தியில தின்னேன். வீடு கண்ணெட்டுற தூரத்துல இருக்கு. மாமி, வீட்டுக்கு வாருங்கன்னு ஒரு வார்த்த உண்டா? வாளியத் தூக்கிட்டு அங்கயும் இங்கயும் நடந்தா. அது எஸ்டேட்டு அவளுக்குக் கொடுத்த வீடு. மருமவ பேருல இருக்க வீட்டுல கூப்பிடாம போயி ஏற எனக்கென்ன கெதியா?"

அசனத்தன்று காலையில் நீ வீடு கழுவியது எனக்குத் தெரியும். விஜயத்திடம் புது விரிப்பு வாங்கிக் கட்டிலில் போட்டாய். மகன் வீட்டுக்கு வர ஒரு தாய்க்கு அழைப்பு எதற்கு என்று நீ நினைத்தாய். அவர்கள் தானாக வராததை நீ ஒரு அவமானமாக வைத்திருக்கிறாய். நீ கூப்பிடாததை அவர்கள் ஒரு அவமானமாக வைத்திருக்கிறார்கள். பந்தியில் பிள்ளை நூடுல்ஸ் கேட்டது இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று. நடுவில் ஆள் கிடைக்காமல் என்னைச் சாட்சிக்கு இழுத்தீர்கள். எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் கோபம் இருக்கிறது. இதை இப்போதுதான் எழுதத் தைரியம் வருகிறது.

லதிகா மேடத்துக்கும் முத்தாரம்மாளுக்கும் நான் சொல்ல வந்ததும் ஒன்றுதான். நூடுல்ஸ் நல்லதா கெட்டதா என்பது அந்தப் பாக்கெட்டுக்குள் இல்லை. மற்ற வேளைகளில் தட்டில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. உன் வீட்டில் காலையில் தட்டில் வேறு ஒன்றும் இல்லாததற்குக் காரணம் நீ மோசமான தாய் என்பதல்ல. மணி அடித்ததும் நீ மலையேற வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லை. அங்கே மார்த்தாண்டத்தில் சோறு வடிக்கத் தெரிந்த ஒரு ஆள், யாருக்கு வடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. இப்போது ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறது. விடுவார்களா?

இனி எழுதப்போவதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தை நீ அங்கேயே கிழித்திருப்பாய். அதனால்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன். அக்கா, மாமியை நீ வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். ஒரு நாள் விருந்துக்கு அல்ல, வந்து உங்களோடு இருப்பதற்கு. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சமாதானமோ மன்னிப்போ எதுவும் எழுத வேண்டாம், நூடுல்ஸ் என்ற பேச்சே வேண்டாம். 'மாமி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்க' என்று ஒரு கார்டு போதும். நானே எழுதிப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும். நீ எழுது.

சிஜி